காரணமும் ஓர் உதாரணமும்

மேல் நிலையம்
மார்ச் 4

என் மகனின் மனைவிக்கு,

இங்கு நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் அவன் போனில் சொல்லியிருப்பான். கடிதம் உன் பயிற்சி நிலையத்து முகவரிக்கு வந்திருக்கிறதே என்று குழம்பாதே. வீட்டுக்கு எழுதினால் அவன் பிரித்துவிடுவான். அவனுக்கு இது தெரிய வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். அவன் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து நான் ரோப் காரின் மேல் நிலையத்தில் கதவு திறந்து மூடுகிறேன் என்பது உனக்குத் தெரியும். இப்போது உச்சியில் புதிதாக ஒரு பார்வைத் தளம் கட்டியிருக்கிறார்கள். தரையே கண்ணாடி. வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லவும் அவர்களைப் படம் எடுத்துக் கொடுக்கவும் ஒரு பொறுப்பாளர் வேண்டுமாம். எங்கள் ஆட்களிலேயே ஒருவரைப் பொறுக்கப்போகிறார்கள். அதற்கு ஆங்கிலத்தில் பேச்சுத் தேர்வு. இயற்கைக் காட்சி, புகைப்படம் எடுப்பது, இந்த இரண்டைப் பற்றித்தான் கேள்விகள். மாதிரிக் கேள்வித்தாள் கொடுத்திருக்கிறார்கள். ஏப்ரல் கடைசியில் தேர்வு.

எனக்கு அந்த வேலை வேண்டும். ஆசை மட்டும் காரணம் இல்லை. இந்த வருடம் தானாகத் திறக்கும் கதவு போடப்போகிறார்கள். அதன் பிறகு என்னைக் கீழே வண்டி நிறுத்தத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இத்தனை காலம் மேகத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, வண்டிப் புகையில் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

நீ இந்த மாதிரித் தேர்வுக்கு ஆட்களைத் தயார் செய்கிறவள். நன்றாகச் செய்கிறாய் என்று அவன் பெருமை பீற்றிக்கொள்கிறான். கல்யாணத்துக்கு முன்னால் அவனோடு முதல்முறை மேலே வந்தபோது, நான் ஆங்கிலத்தில் செய்த அறிவிப்பைப் பிளாட்பாரத்தில் வைத்துத் திருத்தினாய். நீ மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. இந்த மூன்று வருடத்தில் நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டது ஒரு தபால் அட்டைக்குக் காணாது. அன்று எல்லார் முன்னாலும் திருத்தினாய். இப்போது யாரும் பார்க்காத இடத்தில் திருத்து.

போனில் வேண்டாம். கோபம் வந்தால் போனை வைத்துவிடுவேன். கடிதம் என்றால் முழுக்கப் படித்த பிறகுதான் கோபப்பட முடியும். பதில்களைத் தனித் தாளில் ஆங்கிலத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். திருத்தியதும் எல்லாத் தாளையும் எனக்கே திருப்பி அனுப்பிவிடு. ஒன்றுகூட அங்கே தங்கக் கூடாது.

இப்படிக்கு,
அவன் அம்மா


மார்ச் 11

அன்புள்ள அத்தைக்கு,

"மேடம், உங்களுக்கு லெட்டர்" என்று வாட்ச்மேன் வகுப்பு நடுவில் வந்து நீட்டியபோது, யாரோ மாணவன் புகார் எழுதியிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். உங்கள் கையெழுத்து என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

பிளாட்பாரத்தில் நடந்ததற்கு இப்போது நான் என்ன சொன்னாலும் சாக்காகத்தான் இருக்கும். தப்பான வாக்கியம் ஒன்று காதில் விழுந்தால் என் வாய் சும்மா இருக்காது. அந்த வாயை நல்லதுக்குப் பயன்படுத்துவோம்.

உங்கள் முதல் பதிலைத் தமிழில் சொன்னால் இப்படி வருகிறது: "இங்கே மலை இருக்கிறது. மிகவும் அழகாக இருக்கிறது. எனக்குப் பிடிக்கும். போட்டோ எடுக்கிறேன். நன்றி." பெரிய தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு மூச்சில் முடிந்துவிடுகிறது. கேள்விக்கு இரண்டு நிமிடம் கொடுப்பார்கள். மீதி நேரம் அவர்கள் உங்கள் முகத்தையும் நீங்கள் அவர்கள் முகத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

எங்கள் வகுப்பில் ஒரே ஒரு சட்டம். எதைச் சொன்னாலும் உடனே ஒரு காரணம், அதன் பின்னாலேயே ஓர் உதாரணம். அழகு என்றால் ஏன் அழகு? எந்த நாள் அப்படித் தோன்றியது? அன்று பக்கத்தில் யார் இருந்தார்கள்? இது இல்லாத பதிலுக்கு யாராக இருந்தாலும் நான் ஐந்தைத் தாண்ட மாட்டேன். மொத்தம் ஒன்பது. உங்களுக்கு இப்போது நாலரை. கோபம் வேண்டாம், போன வாரம் ஓர் இன்ஜினீயருக்கு நாலு போட்டேன்.

மலைக்காட்சிக்கு ஒரு நல்ல சொல் சேர்த்திருக்கிறேன். பார்க்கிறவர் மூச்சையே நிறுத்திவிடும் அழகு என்று பொருள். தேர்வாளர்களுக்கு அது எப்போதும் பிடிக்கும். தாள்களை இதோடு வைத்திருக்கிறேன். குளிருக்குக் காலில் கெட்டியாக உறை போட்டுக்கொள்ளுங்கள்.

தங்கள் மருமகள்


மார்ச் 19

பேச்சுத் தேர்வு டீச்சருக்கு,

நாலரை கிடைத்தது. ரொம்ப சந்தோஷம்.

அந்த மூச்சு நிற்கிற சொல்லை அடித்துவிட்டேன். நீ இருப்பது தரையில், உனக்கு அது அலங்காரம். இங்கே உயரத்தில் நிஜமாகவே மூச்சு நின்றுபோகிறது. போன மாதம் பருத்த மனிதர் ஒருவர் பெட்டியைவிட்டு இறங்கியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஓடியவள் நான். தேர்வு அறையில் அந்தச் சொல்லைச் சொன்னால் எங்கள் சூப்பர்வைசர் முதலுதவிப் பெட்டியைத் தேடுவார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பிரேக்'. யார் எதைத் தொடங்கினாலும் நிறுத்துவார். தேர்வு நடத்தும் மூன்று பேரில் அவரும் ஒருத்தர்.

உன் மாணவர்கள் எல்லாரும் ஓர் அருவியைப் பற்றிப் பேசியே மார்க் வாங்குகிறார்கள் என்று அவன் ஒருநாள் சொன்னான். அந்த அருவியை எனக்கும் கொடேன். ஊராருக்கெல்லாம் கொடுக்கிறாய்.

நீ காரணம் கேட்டாயே என்று கதவு திறந்துகொண்டே யோசித்தேன். இங்கே வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். போனை என் கையில் திணித்து, "அக்கா, ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்கிறார்கள். வாங்கிப் பார்த்து, "கண்ண மூடிட்டேன், இன்னொண்ணு" என்கிறார்கள். பிறகு போனைப் பார்த்தபடியே கீழே இறங்கிவிடுகிறார்கள். பள்ளத்தாக்கை நேருக்கு நேர் பார்க்கிறவள் படம் எடுக்கிற நான் ஒருத்திதான். படம் எடுப்பது எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். முதலில் எல்லாருக்கும் காலை வெட்டிவிடுவேன், சில பேருக்குத் தலையை. இப்போது கை நிதானப்பட்டுவிட்டது.

உதாரணமும் எழுதியிருக்கிறேன். மழை விட்ட ஒரு மதியம் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். பெட்டிக்குள்ளேயே சண்டை போலிருக்கிறது. படத்துக்கு நின்றபோது நடுவில் மூன்றாவது ஆள் நிற்கலாம், அவ்வளவு இடம். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் "க்ளோசர், க்ளோசர்". சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததே தவிர இரண்டு பேரும் அசையவில்லை. அந்த நேரத்தில் அவர்களுக்குப் பின்னால் மேகம் விலகி, பள்ளத்தாக்கு முழுக்க வெயில் விழுந்தது. நான் படம் எடுக்க மறந்து வாயைப் பிளந்து நின்றுவிட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இடம் தானாகக் குறைந்துவிட்டது. அந்த முதுகுகளைத்தான் எடுத்தேன். முகமே இல்லாத படம், திட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். அந்தப் பெண் படத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

தாள் தீர்ந்துவிட்டது. இந்தப் பதிலின் ஆங்கிலத்தை இந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். இதையும் சேர்த்துத் திருப்பி அனுப்பு.

ஒன்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நீ நல்ல பெண்தான்.

இப்படிக்கு,
அவன் அம்மா


மார்ச் 27

அன்புள்ள அத்தைக்கு,

அவசரமாக எழுதுகிறேன். மேஜையில் விடைத்தாள் குவிந்து கிடக்கிறது.

அருவியைக் கொடுக்க மாட்டேன். அது ஜன்னல்கூட இல்லாத அறையில் உட்கார்ந்து, ஒரு காலண்டர் படத்தைப் பார்த்து நான் உண்டாக்கிய அருவி. எத்தனை பேர் அதில் நனைந்துவிட்டு வந்தார்கள் என்று எனக்கே கணக்கில்லை. நான் பார்த்தது அந்தப் படத்தையும், வீட்டு ஜன்னலிலிருந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியையும்தான். உங்கள் மலையில் அருவி கிடையாது என்று பிரேக்குக்குத் தெரியாதா? அங்கேயே நிறுத்திவிடுவார்.

உங்களுக்கு அருவி எதற்கு? முதுகுப் படத்தைப் பற்றிய பதிலுக்கு ஏழு போட்டிருக்கிறேன். இந்த வருடம் என்னிடம் யாரும் ஏழு வாங்கவில்லை. படித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்துவிட்டது, நான் எழுந்திருக்கவே இல்லை. மாணவர்கள் கதவைத் தட்டினார்கள். ஆங்கிலத்தில் ஆங்காங்கே இருந்த ஓட்டைகளை அடைத்திருக்கிறேன். கதையில் கை வைக்கவில்லை. வேகத்தைக் குறைத்துச் சொல்லுங்கள், மேகம் விலகுகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள்.

தங்கள் மருமகள்


ஏப்ரல் 3

தாள்கள் கிடைத்தன.

என் கடிதத்தையும் திருத்தியிருக்கிறாய். கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. பக்கத்தில் "மிகவும் பொதுவாக உள்ளது. காரணமும் ஓர் உதாரணமும் தருக" என்று ஒரு குறிப்பு. ஓரத்தில் ஐந்து போட்டு அதைச் சுற்றி ஒரு வட்டம்.

அது தேர்வுப் பதில் இல்லை. நீ நல்ல பெண் என்று எழுத எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. இனிமேல் தாள் அனுப்ப மாட்டேன். உன் வேலையை நீ பார், என் தேர்வை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அவன் அம்மா


ஏப்ரல் 8

அன்புள்ள அத்தைக்கு,

படித்ததும் முதலில் சிரித்துவிட்டேன். அடுத்த நிமிடம் அழுகை வந்துவிட்டது. இரண்டும் ஆசிரியர் அறையில் நடந்தது. பக்கத்து மேஜை டீச்சர் "என்ன ஆச்சு?" என்று பதறினார். "மாமியாரை ஃபெயில் பண்ணிட்டேன்" என்றேன். "ரொம்ப நல்ல காரியம்" என்று கை கொடுத்தார். அவருக்கு அவர் கவலை.

தெரிந்து செய்யவில்லை, அத்தை. இந்தப் பக்கம் பதில், அந்தப் பக்கம் கடிதம். சிவப்புப் பேனா கையில் இருந்தால் எனக்குக் கண் மண் தெரியாது. லாண்டரிச் சீட்டுக்குக்கூட நான் மார்க் போட்டிருப்பதாக அவர் கிண்டல் செய்வார். நீங்கள் மூன்று வருடம் கழித்து எழுதிய ஒரு வரி. நானும் அதற்காகத்தான் மூன்று வருடம் காத்திருந்தேன். வந்த அன்று அதில் போய்ச் சிவப்புக் கோடு போட்டேன். மன்னித்துவிடுங்கள்.

ஆனால் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இன்று நிதானமாக உட்கார்ந்து அந்த வரியை யோசித்தேன். மார்க்கை மாற்றுவதற்கில்லை. ஐந்துதான். நல்ல பெண் என்று மாடிவீட்டுக்காரரும் என்னைச் சொல்கிறார், வாடகை ஒழுங்காகக் கொடுப்பதால். உங்களிடமிருந்தும் அதே வார்த்தையை வாங்கிக்கொண்டு சந்தோஷப்பட்டால் நான் என்னையே ஏமாற்றிக்கொள்கிறவளாவேன். கோபம் தீராவிட்டால் திட்டி எழுதுங்கள், அதையாவது காரணத்தோடு எழுதுங்கள்.

தேர்வை மட்டும் விட்டுவிடாதீர்கள். தினமும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கதவிடம் சொன்னாலும் சரி.

தங்கள் மருமகள்


ஏப்ரல் 21

அன்புள்ள அத்தைக்கு,

பதில் வரவில்லை. வராது என்று தெரிந்தும் வாட்ச்மேனை தினமும் கேட்கிறேன். அவரே இப்போது என்னைப் பார்த்தால் தூரத்திலிருந்தே கையை விரிக்கிறார்.

அடுத்த வாரம் உங்களுக்குத் தேர்வு. கேள்வி புரியாவிட்டால் இன்னொரு முறை கேட்கச் சொல்லுங்கள், அதற்கு மார்க் குறைக்க மாட்டார்கள். மாதிரித் தாளில் இல்லாத கேள்வி வந்தால் பயப்பட வேண்டாம். வாயில் முதலில் வருவதைச் சொல்லிவிட்டு, பின்னாலேயே காரணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் மேல் இருக்கிற கோபத்தோடு போனாலும் பரவாயில்லை. கோபத்தில் உங்களுக்கு வார்த்தை தங்குதடையின்றி வருகிறது, நானே பார்த்திருக்கிறேன்.

நேற்று போனில் அவரிடம் பேசும்போது உங்கள் குரல் களைத்திருந்தது. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் "அம்மாவுக்கு என்னமோ ஜலதோஷம்" என்றார்.

தங்கள் மருமகள்


மே 6

அன்புள்ள மருமகளுக்கு,

வேலை கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் முதல் பார்வைத் தளத்தில் பொறுப்பேற்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கோட்டும் தந்திருக்கிறார்கள். தோள் கொஞ்சம் பெரிது, பிடித்துக்கொள்ளலாம்.

உனக்குப் பதில் எழுதாததற்குக் கோபம்தான் காரணம். மன்னிப்பும் கேட்பாளாம், மார்க்கையும் மாற்ற மாட்டாளாம், என்ன திமிர் என்று நினைத்தேன். ஒரு வாரம் ரோப் கார் கதவுகளெல்லாம் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் நீ சொன்னபடி தினமும் பேசிப் பழகினேன். சாயங்காலம் ஆள் இல்லாமல் கீழே போகிற பெட்டியில் ஏறிக்கொள்வேன். நடுத் தூண் வருவதற்குள் பதில் முடிய வேண்டும் என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன். ஒருநாள் பெட்டிக்குள் இருந்த மைக் திறந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. கட்டுப்பாட்டு அறை முழுக்க என் ஆங்கிலம் கேட்டிருக்கிறது. கீழே இறங்கியதும் ஆபரேட்டர் ஓடிவந்து, "அக்கா, பின்னிட்டீங்க" என்றார். எந்த இடம் நன்றாக இருந்தது என்று கேட்டேன். "எல்லாமே சூப்பர்க்கா" என்றார். நல்ல மனிதர். ஆனால் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அவருக்கு மனசுக்குள் ஐந்து போட்டேன். போட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. உன்மேல் இருந்த கோபம் அன்று இரவு சாப்பிடும்போது காணாமல் போயிருந்தது.

தேர்வு அறையில் மூன்று பேர். பிரேக், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி, ஓர் அம்மா. காட்சியைப் பற்றிக் கேட்டார்கள். முதுகுப் படத்தைச் சொன்னேன். மேகம் விலகுகிற இடத்தில் நிறுத்தினேன். அந்த அம்மா ஜன்னலைத் தேடுகிறவர்போலத் திரும்பிப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது, இருந்தாலும் பார்த்தார்.

பிறகு மாதிரித் தாளில் இல்லாத ஒரு கேள்வி. இந்தத் தளத்துக்கு யாராவது ஒருவரை அழைத்துவந்து படம் எடுக்கலாம் என்றால் யாரை எடுப்பீர்கள் என்றார் அதிகாரி. மகன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மருமகள் என்று வந்துவிட்டது. வந்த பிறகு என்ன செய்வது? உன் சட்டப்படி காரணம் சொல்ல வேண்டுமே. நான் சொன்னதை உனக்குத் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் இவ்வளவு ஒழுங்காக வரவில்லை, ஆனால் எல்லாம் வந்தது.

"என் மருமகள் இல்லாத மார்க்கைப் போட மாட்டாள். அதுதான் காரணம். இந்த மலையில் எல்லாரும் என்னிடம் நல்ல வார்த்தை பேசுகிறவர்கள். நன்றாகப் பேசுகிறீர்கள் அக்கா என்பார்கள். என் மகன், உங்களுக்கு எதற்கு அம்மா இந்தக் கஷ்டம் என்பான். எல்லாம் பிரியம்தான். ஆனால் நான் எங்கே நிற்கிறேன் என்று அதிலிருந்து எனக்குத் தெரியாது. ஓர் உதாரணம் சொல்கிறேன். அவளைப் புகழ்ந்து ஒரு வரி எழுதினேன். அவள் அதற்கு ஐந்து போட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் மன்னிப்பு கேட்டாள். ஐந்தை மட்டும் மாற்றவில்லை. தன்னைப் புகழ்ந்ததற்குக்கூட ஒரு மார்க் கூட்டிப் போடாதவள், எனக்கு ஏழு போட்டிருந்தால் அது நிஜமான ஏழு. அந்த ஏழை நம்பித்தான் இந்த அறைக்குள் வந்தேன். இப்படி ஒருத்தி என் வீட்டுக்கு வந்திருக்கிறாள். எனக்கு அவளை நினைத்தால் பெருமையாக இருக்கிறது."

நேரம் முடிந்தது என்று பிரேக் மேஜை மணியில் கை வைத்தார். அதிகாரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் இன்னும் பேசினேன். உன் வகுப்பு, ஜன்னல் இல்லாத அறை, நீ உண்டாக்கிய அருவி, எல்லாவற்றையும் சொன்னேன். அருவிக்கு மூன்று பேரும் சிரித்தார்கள். ஒரு காட்சியும் பார்க்காமல் ஊருக்கே காட்சி காட்டுகிறாள் என்றேன்.

முடிந்ததும் அதிகாரி தமிழிலேயே கேட்டார். "மருமகள மகள் மாதிரி வெச்சிருக்கீங்க போலிருக்கே?"

"இல்ல சார்" என்றேன். "மகளா இருந்தா அம்மா மனசு நோகுமேன்னு எட்டு போட்டிருப்பா. இவ மருமக."

ஜூன் மாதம் நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள். அவனிடம் எல்லாவற்றையும் நீயே சொல்லிவிடு, எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கண்ணாடித் தரையில் முதலில் எல்லாருக்கும் கால் நடுங்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு நில். படத்துக்கு அவசரமில்லை, நீ பார்த்து முடித்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

உன் அத்தை